முதல் வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

ஆலங்கட்டி மழை, பிறகு வெயில், பிறகு மறுபடி ஆலங்கட்டி. மைதானத்தின் வடக்கு மூலை முழுக்கச் சேறு. காலையில் முதல் வேலை பிப் பையைத் திறந்தது; பயிற்சியில் அணி பிரிக்க மேலே மாட்டுகிற கையில்லாச் சட்டைகள். வெள்ளிக்கிழமை யாரோ ஈரத்தோடு சுருட்டி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்றம் முகத்தில் அடித்தது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். இல்லை. வெறும் வியர்வை.

மினிபஸ்ஸில் கோப்பிக் குவளை வைக்கிற குழி நிறைய ஸ்னூஸ். உதட்டுக்குள் அதக்கிவிட்டுத் துப்பிய சின்னச் சின்ன வெள்ளைப் புகையிலைப் பொட்டலங்கள், இன்னும் ஈரமாக. கையுறை இல்லை. விரலால் எடுத்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

கென்னத் கோடையோடு போகிறார். எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர். (இனி த.ப. முழுதாக எழுதிக் கைவலி எடுக்கும் அளவுக்கு இங்கே யாரும் நிலைத்ததில்லை.) கோபன்ஹேகன் பக்கம் ஒரு பெரிய கழகமாம். கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் தோளில் கைபோட்டுச் சொன்னார். நான் இல்லாவிட்டால் தான் இல்லையாம். இவருக்கு முந்தியவரும் போகும்போது இதையேதான் சொன்னார். அவருக்கு முந்தியவரும். ஆள் மாறும், வசனம் மாறாது. ஒருவரும் என்னைக் கூட்டிப்போனதில்லை.

உதவிப் பயிற்சியாளர் (உ.ப.) என்றால்:
மைதானத்தில் அடையாளக் கோன் வைப்பது. கோன் எடுப்பது.
எதிரணி வீடியோவை வெட்டி, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, அதை த.ப. தான் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போது தலையாட்டுவது.
அழுகிற பிள்ளையோடு கதைப்பது.
பஸ் ஓட்டுவது.
வாழைப்பழம்.

மறந்துவிட்டேன், பிப்.

மார்ச் 5, வியாழன்

காற்று. கோன்கள் பறந்து வயலுக்குள் போய்விட்டன.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். முன்னால் கல்லூரி அதிபர் தோர்பன். தட்டில் ஒரு துண்டு கறுப்புப் பாண், அதன்மேல் சாம்பல் நிற ஈரல் பூச்சு, அதன்மேல் பீட்றூட். அப்படியே திரும்பிச் சாதாரணமாகக் கேட்டார்.

"கென்னத்தின்ரை இடத்துக்கு வர உனக்கு விருப்பமா? முதல்ல உன்னட்டைத்தான் கேக்கிறன்."

எத்தனை வருடமாக இந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறேன். முழங்கால் அறுந்து, இனி விளையாட முடியாது என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து. பயிற்சியாளர் லைசென்ஸுக்குப் பனியில் ஓடி ஓடிப் படித்த நாட்களிலிருந்து.

என் வாய் சொன்னது: "இல்லை இல்லை. என்னைவிடப் பொருத்தமான ஆக்கள் இருப்பினம்."

தோர்பன் என்னைப் பார்த்தார். ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கு நன்றி, அதற்கும் ஒரு துணிவு வேண்டும் என்றார். பிறகு சமையல் ஆளிடம் குழம்பு முடிந்துவிட்டதா என்று விசாரித்தார்.

அவர் திரும்பிக் கேட்பார் என்று தட்டோடு நின்றேன். பின்னால் நின்ற பிள்ளை தள்ளிப்போகச் சொன்னது.

பரவாயில்லை. நாளைக்குக் கேட்பார்.

மார்ச் 6, வெள்ளி

கேட்கவில்லை. வழியில் கண்டார், வார இறுதி நன்றாக அமையட்டும் என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

பிராண்டே. அம்மா அப்பா வீடு. தூறல்.

அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கேட்டவங்களோ?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

"வேண்டாம் எண்டனான்."

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். "அது சரி. உடனை ஓம் எண்டால் அலையிறாள் எண்டு நினைப்பாங்கள். திருப்பிக் கேக்கட்டும்."

அம்மாவுக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை. அதுதான் இப்போது எரிச்சல்.

பின்னேரம் அம்மாவோடு ராணி அன்ரி வீட்டுக்கு. வாசலிலேயே அம்மா தொடங்கிவிட்டார். தேத்தண்ணி ஒன்றும் வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறோம். பச்சைப் பொய். ராணி அன்ரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கேத்தலை வைத்தார். பொரித்த றோல்ஸ் வந்தது. ஐயோ வேண்டாம். மறுபடி நீட்டினார். ஒன்று போதும். அம்மா இரண்டு சாப்பிட்டார். வரும்போது காரில், தேத்தண்ணி சூடில்லை என்று குறை வேறு.

பக்கத்து வீட்டு பியர்த்தாவோடு அம்மாவுக்குப் பழைய மனத்தாங்கல். வந்த புதிதில் பியர்த்தா கேக் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா வேண்டாம் என்றிருக்கிறார். பியர்த்தா கேக்கைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மாவின் தீர்ப்பு: டெனிஷ்காரர் மனமில்லாமல் கேட்கிற ஆட்கள்.

நான் இந்த நாட்டில் பிறந்தவள். இங்கேதான் படித்தேன், விளையாடினேன். கனவுகூட டெனிஷில்தான் வரும். இருந்தும் என் வாய்க்குள் அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 12, வியாழன்

வெயில். குளிர் குறையவில்லை.

ஆசிரியர் கூட்டம். தோர்பன் எழும்பி, புதிய த.ப.வைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்போவதாகச் சொன்னார். குழுவில் அவர், நிர்வாகத்தில் ஒருவர், மாணவர் சார்பில் பிரையா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். சூபா வேலை வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாள், ஆகவே குழுவுக்கு அவளைவிட நடுநிலையான ஆள் கிடையாது என்றார். என் பெயரைச் சுபா என்று அவருக்கு இன்னும் சொல்ல வராது.

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் புன்னகைத்தேன். அந்தப் புன்னகை முகத்தில் ஒட்டியிருந்ததை நினைக்க இப்போதும் கூசுகிறது. என்னை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடும் வேலையையும் எனக்கே தந்துவிட்டார்கள், நான் நன்றி சொன்னேன்.

கூட்டம் முடிய மாட்டைப் போல நின்று மூன்று துண்டு கேக் தின்றேன். நல்ல கேக்கும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

பிராண்டே போகவில்லை. மூக்கடைப்பு, தடிமன் என்று பொய்.

அம்மா போனில்: கோயிலில் எல்லாரும் விசாரித்தார்களாம். அப்பா சொல்லிவிட்டாராம், மகள் கல்லூரியில் தலைமைக் கோச் ஆகிவிட்டாள் என்று. ஐயர்கூட வாழ்த்துச் சொன்னாராம். "இன்னும் ஆகேல்லை அம்மா" என்றேன். "அதுதானே, திருப்பிக் கேக்கேக்கை ஓம் எண்டு சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

மழை. குழு கூடியது. வந்த விண்ணப்பங்களை வாசித்தோம்.

எல்லாரிடமும் 'கால்பந்து டிஎன்ஏ' இருக்கிறது. எல்லாருக்கும் வேட்கை எரிகிறது. ஒருவர் தன் நாயோடு எடுத்த படத்தை வைத்திருக்கிறார். ஒருவர் தன்னைத் தானே 'மனிதர்களைக் கட்டியெழுப்புபவர்' என்கிறார். வாசிக்க வாசிக்க வாயில் சவர்க்காரம் மாதிரி ஒரு சுவை.

அதற்குள் றஸ்முஸ். முந்தி எங்களிடம் வேலை பழக ஓர் அரையாண்டு வந்திருந்தவன். கோல் வலையைக் கட்டத் தெரியாமல் என்னைக் கூப்பிடுவான். மோசமான பையனில்லை. பயிற்சிக்கு நேரம் பிந்தி வருவான், ஆனால் வந்தவுடன் சத்தமாகக் கதைப்பான். தோர்பனுக்கு அவனைப் பிடித்துவிட்டது. "எவ்வளவு துணிவு பார், நான் இந்த வேலைக்கெண்டே பிறந்தவன் எண்டு எழுதியிருக்கிறான்." நான் அப்படி எழுதப்போனால் விரல் உடைந்துவிடும்.

இரவு யோசித்தேன். அவன்மேல் கோபம் இல்லை. அவன் கேட்கிறான். வாயைத் திறந்து கேட்கிறான். நான் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு இன்னும் நிற்கிறேன்.

மார்ச் 18, புதன்

பனிமூட்டம். இன்று செய்துவிட்டேன்.

தோர்பன் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே ஈரச் சொக்ஸ் மணம், றேடியேட்டரில் காயப்போட்டிருந்தார். குழுவிலிருந்து விலகுகிறேன், எனக்கு அந்த வேலை வேண்டும் என்று சொன்னேன். 'எனக்கு வேண்டும்' என்ற இரண்டு சொல்லையும் காரில் வரும்போது சத்தமாகச் சொல்லிப் பழகியிருந்தேன்.

"ஆனால் நீ வேண்டாம் எண்டு சொன்னியே."

"ஓம், சொன்னனான்."

"மனசோடை சொல்லேல்லையா?"

நிலத்தைப் பார்த்தேன். தோர்பன் கெட்ட மனிதர் அல்ல, அதுதான் இன்னும் எரிச்சல். தாராளமாக விண்ணப்பிக்கலாம், எல்லாரையும் போலவே, வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்றார். எல்லாரையும் போல. எட்டு வருடமாக அவருடைய பஸ்ஸைக் கழுவியவள், எல்லாரையும் போல.

மார்ச் 20, வெள்ளி

அனுப்பிவிட்டேன். எழுதியதைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஒவ்வொரு வரியும் 'நான்' என்று தொடங்குகிறது. அனுப்பிய பிறகு கை கழுவினேன்.

மார்ச் 22, ஞாயிறு

பிராண்டே. அப்பா: "திருப்பிக் கேட்டவங்களோ?" விசயம் நடக்கிறது என்றேன். அது பொய்யில்லை. புட்டும் மீன்குழம்பும். சுங்கான் மீன், நல்ல மீன். ஒரு வாரத்தில் அருவருக்காமல் சாப்பிட்ட ஒரே சாப்பாடு.

மார்ச் 25, புதன்

நேர்முகம். வெளியே ஆலங்கட்டி யன்னலில் தட்டிக்கொண்டிருந்தது.

முதல் பாதி நன்றாகப் போனது. அணியை எப்படி ஆடவைப்பேன் என்று பலகையில் வரைந்து காட்டினேன். பின்வரிசையை மேலே ஏற்றுவது, பந்தை இழந்தவுடன் யார் எங்கே ஓடுவது. கென்னத் இரண்டு வருடம் சொன்னவை எல்லாம் என்னுடையவைதான், அதனால் தடுமாற்றம் வரவில்லை. வரைந்துகொண்டிருந்தபோது அந்த வேலை எனக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. இந்தப் பிள்ளைகளோடு நான் நினைத்தபடி ஒரு பருவம், ஒரே ஒரு பருவம் ஆடிப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பிறகு தோர்பன் கேட்டார், இரண்டு வாரத்துக்குள் என்ன மாறியது என்று.

சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் முதல் தரம் வேண்டாம் என்பது வேண்டாம் இல்லை. கேட்ட ஆள் திரும்பவும் கேட்க வேண்டும். அப்போதுதான் மனதாரக் கேட்கிறார் என்று தெரியும். அம்மாவின் தேத்தண்ணிக் கதையையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். தோர்பனுக்கு ஒரே சந்தோசம், எவ்வளவு சுவாரசியமான விசயம் என்று மூன்று தரம் சொன்னார்.

பிரையா சிரிக்கவில்லை. இருபது வயது, எங்கள் அணியின் நடுக்கள வீராங்கனை. மூக்கைச் சொறிந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப நீ எங்களைப் பாத்து ஒண்டை வேண்டாம் எண்டால், அது எத்தினையாவது வேண்டாம்?"

மைதானத்தில் எனக்கு ஒரே வேண்டாம்தான் என்றேன்.

"நாங்கள் அதைக் கேட்டதே இல்லையே. வேண்டாம் எண்டு சொல்லுறது கென்னத். நீ கோன் வைக்கிறாய்."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். நன்றி என்றேன். நன்றியாம்.

மார்ச் 27, வெள்ளி

காற்று. பிப் தோய்த்தேன்.

றஸ்முஸ்.

தோர்பன் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல போட்டியாம். என் அறிவு எல்லாரையும் விட மேலாம். ஆனால் குரல் வேண்டுமாம், அறைக்குள் வந்தவுடன் அறை திரும்பிப் பார்க்க வேண்டுமாம். பிறகு கதிரையை முன்னால் இழுத்து, நீ உ.ப.வாகத் தொடர்ந்தால் றஸ்முஸுக்கு எவ்வளவு பலம், நீதானே இந்த அணியின் முதுகெலும்பு என்றார்.

முதுகெலும்பாம். வலையைக் கட்டத் தெரியாதவனுக்கு எதிரணியின் ஓட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்து, அவன் விட்டுப்போகும்போது என் தோளில் கைபோடவும் நிற்க வேண்டும்.

"வேண்டாம்" என்றேன்.

தோர்பன் முகம் மலர்ந்தது. கண்ணைச் சிமிட்டினார்.

"விளங்குது. திங்கக்கிழமை திருப்பிக் கேக்கிறன்."

மார்ச் 29, ஞாயிறு

போகவில்லை. போனையும் எடுக்கவில்லை. நாள் முழுக்கப் படுக்கை. வேலை விளம்பரங்கள் பார்த்தேன். ஹெர்னிங் பக்கம் ஒரு சின்னக் கழகத்தில் பெண்கள் அணிக்கு ஆள் தேடுகிறார்கள். கீழ்ப்பிரிவு. எழுதினேன். இந்தமுறை விரல் ஒன்றும் உடையவில்லை.

மார்ச் 30, திங்கள்

வெயில், கோபம் வருகிற மாதிரி ஒரு வெயில்.

தோர்பன் கறுவா பன்னோடு வந்தார். தானே பேக்கரிக்குப் போய் வாங்கினாராம். மேசையில் வைத்து, சடங்கு மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டார். வேண்டாம் என்றேன். இது உண்மையான வேண்டாம், தோர்பன், நான் போகிறேன் என்றேன். சரி சரி என்றார். தலையைச் சாய்த்து, தான் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்ட ஆள் மாதிரி.

ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. அலுவலகப் பெண் என்னைக் கண்டதும் சிரிக்கிறாள். கட்டடம் பார்க்கும் ஓலே, இன்னும் ஒரு தரம்தானே பாக்கி என்று கேட்டான். றஸ்முஸ் போன் எடுத்தான். உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமாமே, நானும் கேட்கிறேன், அது சரியா என்றான். நல்ல பிள்ளை மாதிரி. எழுதிப் பழகிய மாதிரி.

இவர்கள் ஒருமுறைதான் கேட்பார்கள் என்று நினைத்தேன். திரும்பக் கேட்கவும் தெரிகிறது. கோன் வைக்க ஆள் வேண்டுமென்றால்.

பன்னைத் தொடவில்லை. சீனிப்பாகு மேசையில் உருகி ஒட்டிவிட்டது. துடைத்தது நான்தான்.

மார்ச் 31, செவ்வாய்

காலைக் கூட்டம். ஈஸ்டர் விடுமுறைக்கு முந்திய கடைசிக் கூட்டம் என்பதால் எல்லா மாணவர்களும். பாட்டுப் புத்தகம், பியானோ, வசந்தம் வந்துவிட்டது என்று ஒரு நீண்ட பாட்டு. வெளியே சேறு.

பாட்டு முடிய தோர்பன் முன்னால் வந்தார். சூபாவின் கலாசாரத்தில் ஓர் அழகான வழக்கம் இருக்கிறது என்று தொடங்கினார். தேத்தண்ணிக் கதை. அம்மாவின் றோல்ஸ். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. என் அம்மாவை ஒருமுறைகூடக் கண்டதில்லை அவர். பிறகு என் பக்கம் திரும்பி, கைகளை விரித்து, எல்லார் சார்பிலும் கேட்கிறேன், எங்களோடு இருப்பாயா என்றார்.

எழுந்து நின்றேன். "வேண்டாம்" என்றேன். சத்தமாக. இந்தக் கல்லூரியில் நான் இவ்வளவு சத்தமாகக் கதைத்ததில்லை.

கைதட்டினார்கள். எல்லாரும். கால்களையும் நிலத்தில் தட்டினார்கள். தோர்பன் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பிரையா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அலுவலகத்தில் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். அலுவலகப் பெண் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

நேரே பிராண்டே. கதவைத் திறந்தது அப்பா.

"திருப்பிக் கேட்டவங்களோ?"

"ஓமப்பா. திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். எல்லாற்றை முன்னாலையும்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னேன்தானே என்றார். என்ன வேலைக்குக் கேட்டார்கள் என்று கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றதற்கும், அது சரி என்றுவிட்டு முன்னறைக்குப் போனார். கோயில் ஆட்களுக்கு நம்பர் அழுத்துகிற சத்தம் கேட்டது.

அம்மா சோற்றுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் முகத்தைப் பார்த்தார்.

"இது உண்மையான வேண்டாமோ?"

"ஓமம்மா."

அம்மா முன்னறைக்குப் போய் அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.